முறை தெரிந்து அழைப்பது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளின் உறவுச் சொற்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒரு காதுகுத்துக்கோ புதுமனை புகுவிழாவுக்கோ போனால், பந்தியில் இலை விழுவதற்குள் யாராவது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ யார் ஊட்டுப் புள்ள? நான் உனக்கு என்னா மொறை ஆவணும், சொல்லு பாக்கலாம்" என்று கேட்பார். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துக்கொண்டு பண்டிகைக்கும் திருவிழாவுக்கும் மட்டும் ஊர் திரும்பும் இளைஞர்களில் பலர் இந்தக் கேள்விக்கு விழிக்கிறார்கள். சிலர் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று சொல்லி நழுவிவிடுகிறார்கள். பெரியவர் கேட்டது மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டிய பட்டியல் அன்று. அது ஒரு கணக்கு. சில விதிகள் தெரிந்துவிட்டால், முன்பின் பார்த்திராத ஒருவரையும் என்ன சொல்லி அழைக்க வேண்டும் என்பதை நாமே கண்டுபிடித்துவிட முடியும். அந்த விதிகளையும், அவற்றை நம் பகுதியில் கையாளும் விதத்தையும் இங்கே சொல்கிறேன்.

முதலில் இரண்டு பக்கங்கள்

உறவினர் அனைவரையும் இரண்டு பெரும் பக்கங்களாகப் பிரித்துக்கொள்வது முதல் வேலை. ஒன்று அண்ணன் தம்பி முறை. மற்றொன்று மாமன் மச்சான் முறை, அதாவது கொண்டு கொடுக்கும் முறை. அண்ணன் தம்பி முறையில் வருபவர்களுக்குள் பெண் எடுப்பதும் கொடுப்பதும் கிடையாது. மாமன் மச்சான் முறையில் அது உண்டு. ஒருவர் அப்பா வழியில் வந்தவரா, அம்மா வழியில் வந்தவரா என்பது இதற்கு அடுத்த கேள்விதான். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்: அப்பா வழியில் வந்த ஆண்கள் எல்லாரும் பெரியப்பா, சித்தப்பா என்றும், அம்மா வழியில் வந்த ஆண்கள் எல்லாரும் மாமா என்றும் எண்ணிவிடுகிறார்கள். அப்பாவோடு கூடப்பிறந்த அத்தையின் பிள்ளைகள் நமக்கு மாமன் மச்சான் பக்கம். அம்மாவோடு கூடப்பிறந்த சித்தியின் பிள்ளைகள் நமக்கு அண்ணன் தம்பி பக்கம்.

விதிகளுக்கு வருவோம். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் கூடப்பிறந்திருந்தால், இருவரும் நமக்கு ஒரே இடத்தில் நிற்பார்கள். அப்பாவின் அண்ணனும் தம்பியும் அப்பா நிலையில் நிற்பதால் பெரியப்பா, சித்தப்பா. அம்மாவின் அக்காவும் தங்கையும் அம்மா நிலையில் நிற்பதால் பெரியம்மா, சித்தி அல்லது சின்னம்மா. அவர்களுடைய பிள்ளைகள் நமக்குச் சொந்த அண்ணன், தம்பி, அக்கா, தங்கைதான். அவர்களைக் குறிக்கத் தனிச் சொல்லே தமிழில் தேவைப்படவில்லை. வட அமெரிக்காவின் இரோக்குவா மக்களும் அப்பாவின் சகோதரனை அப்பா என்றே அழைப்பதையும், தமிழரின் முறையும் அவர்களுடைய முறையும் பெரும்பகுதி ஒத்துப்போவதையும் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1871இல் எடுத்துக்காட்டினார் என்பது பலரும் அறியாத செய்தி.

ஆணுக்குப் பெண், பெண்ணுக்கு ஆண் கூடப்பிறந்திருந்தால் பக்கம் மாறிவிடும். அப்பாவின் அக்காவும் தங்கையும் அத்தை. அம்மாவின் அண்ணனும் தம்பியும் மாமா. அவர்களுடைய பிள்ளைகள் மாமன் மகன், மாமன் மகள், அத்தை மகன், அத்தை மகள் என்று எதிர்ப் பக்கத்தில் நிற்பார்கள். இதே விதி நம் பிள்ளைகள் தலைமுறைக்கும் பொருந்தும். ஓர் ஆணுக்கு அண்ணன் தம்பியின் பிள்ளைகள் மகன், மகள். அக்கா தங்கையின் பிள்ளைகள் மருமகன், மருமகள். ஒரு பெண்ணுக்கு இது அப்படியே திரும்பும்: அக்கா தங்கையின் பிள்ளைகள் அவளுக்கு மகன், மகள், அண்ணன் தம்பியின் பிள்ளைகள் மருமகன், மருமகள்.

மணத்தால் வருகிறவர்களுக்கான விதி எளிது. பெற்றோர் தலைமுறையில் இணைகள் மாறாதவை: பெரியப்பாவின் மனைவி பெரியம்மா, சித்தியின் கணவர் சித்தப்பா, மாமாவின் மனைவி அத்தை, அத்தையின் கணவர் மாமா. நம் தலைமுறையில், கூடப்பிறந்தவர்களை மணந்தவர்கள் மாமன் மச்சான் பக்கம் போவார்கள். மச்சானை மணந்தவள் நமக்கு அக்காவோ தங்கையோ ஆவாள். மனைவியின் தங்கையை மணந்தவர் சகலை. அவர் அண்ணன் தம்பி முறை. கணவனின் தம்பியை மணந்தவள் ஓரகத்தி. அவள் தங்கை முறை. இரண்டு முறை பக்கம் மாறினால் புறப்பட்ட பக்கத்துக்கே திரும்பிவிடுவோம் என்பதை நினைவில் வைத்தால் போதும். மச்சானுக்கு மச்சான் முறையில் இருப்பவர் நமக்கு அண்ணனோ தம்பியோதான்.

பெற்றோரிடம் கேட்க வேண்டிய கேள்வி

தூரத்து உறவில் இந்த விதிகளை ஒவ்வொரு கண்ணியாக ஓட்டிப் பார்ப்பது சிரமம். அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. அந்த மனிதரை நம் அப்பா அல்லது அம்மா என்ன சொல்லி அழைக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து ஒரே ஒரு படி இறங்கினால் நம்முடைய சொல் கிடைத்துவிடும். அப்பா ஒருவரை அண்ணன் என்றால் நமக்குப் பெரியப்பா, தம்பி என்றால் சித்தப்பா, அக்கா தங்கை என்றால் அத்தை, மச்சான் என்றால் மாமா, அண்ணி என்றால் பெரியம்மா, கொழுந்தியா என்றால் சித்தி. அம்மா ஒருவரை அண்ணன் தம்பி என்றால் நமக்கு மாமா, அக்கா என்றால் பெரியம்மா, தங்கை என்றால் சித்தி, கொழுந்தன் என்றால் சித்தப்பா, நாத்தனார் என்றால் அத்தை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு காதுகுத்தில் உங்களிடம் கேள்வி கேட்டவர் உங்கள் அம்மாவின் சொந்த அத்தை மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா வழி ஆள் என்பதால் 'மாமா' என்று வாய் வந்துவிடும். ஆனால் அம்மாவுக்கு அவர் அத்தை மகன். அதாவது மாமன் மச்சான் பக்கம், கட்டிக்கொள்ளும் முறை. அம்மா யாரைக் கட்டிக்கொள்ளும் முறையோ அவர் நமக்கு அப்பா நிலை. ஆகவே அப்பாவைவிட வயதில் மூத்தவர் என்றால் பெரியப்பா, இளையவர் என்றால் சித்தப்பா. அவருடைய மகள் உங்களுக்குத் தங்கை. அவரை மாமா என்று அழைத்துவிட்டால், அவருடைய மகளை முறைப்பெண் ஆக்கிவிடுகிறீர்கள். பெரியவர்கள் உடனே திருத்துவது இதனால்தான். அதே பந்தியில் எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்கள் அப்பாவின் மாமன் மகன் என்றால், அப்பா வழி என்று சித்தப்பா போடக் கூடாது. அப்பாவுக்கு மச்சான், உங்களுக்கு மாமா.

இந்தக் குறுக்கு வழியில் ஒரு பள்ளம் உண்டு. அது 'மாமா' என்ற சொல்லில் இருக்கிறது. நம் பகுதியில் ஒரு பெண் தாயின் கூடப்பிறந்தவரையும் மாமா என்கிறாள், மாமனாரையும் மாமா என்கிறாள், அக்காவின் கணவரையும் மாமா என்கிறாள். பல வீடுகளில் கணவனின் அண்ணனையும், கணவனையுமேகூட அந்தச் சொல்லால்தான் அழைக்கிறாள். ஆகவே அம்மா ஒருவரை 'மாமா' என்றார் என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. "எந்த மாமா? உன் வயசுக்காரரா, தாத்தா வயசுக்காரரா?" என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும். அம்மாவின் தலைமுறை மாமா என்றால் நமக்குப் பெரியப்பா அல்லது சித்தப்பா. ஒரு தலைமுறை மேலே என்றால் தாத்தா.

பெரிய, சின்ன என்பதைக் கணக்கிடுவது நம் வயதை வைத்து அன்று. பெற்றோரின் வயதை வைத்து. மூன்று அண்ணன்மார் இருந்தால் பெரிய பெரியப்பா, நடுப் பெரியப்பா, சின்னப் பெரியப்பா என்று பிரிப்பதும், ஊர்ப் பெயரை முன்னே சேர்த்து 'அரூர் சித்தி', 'மாரண்டஹள்ளி அத்தை', 'ஊத்தங்கரை மாமா' என்று அடையாளம் காட்டுவதும் வழக்கம். பெரிய குடும்பங்களில் சித்தப்பா அண்ணன் மகனைவிட வயதில் சிறியவராக இருப்பதும் உண்டு. அப்போதும் அவர் சித்தப்பாதான். முறைதான் முன்னே நிற்கும். ஆனால் வயதில் மூத்த அண்ணன் மகனை அந்தச் சித்தப்பா 'வாடா போடா' என்று பேசாமல் இருப்பது நல்ல பழக்கம் என்று நினைக்கிறேன்.

தாத்தா பாட்டி தலைமுறையில் பக்கம் பிரிப்பது தளர்ந்துவிடுகிறது. இரு பக்கத் தாத்தாவும் தாத்தாதான். பாட்டியை மட்டும் சில வீடுகளில் அப்பாயி, அம்மாயி என்று பிரிக்கிறார்கள். பல வீடுகளில் இருவருமே 'ஆயா'. அதற்கு மேலே கொள்ளுத்தாத்தா, எள்ளுத்தாத்தா. கீழே பேரன், கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன்.

பங்காளி என்பது இன்னும் குறுகிய வட்டம்

அண்ணன் தம்பி முறையில் வருபவர் எல்லாரும் பங்காளி அல்லர். பங்காளி என்பது ஒரே தகப்பன் வழிக் கொடியில் வந்தவர்களை மட்டும் குறிக்கும். ஒரே குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பவர்கள் அவர்கள். சித்தி மகன் உங்களுக்கு அண்ணன் முறை. அவருடைய தங்கையை நீங்கள் மணக்க முடியாது. ஆனாலும் அவர் உங்கள் பங்காளி இல்லை, ஏனெனில் அவருடைய குலதெய்வம் அவருடைய அப்பாவின் கொடியைச் சேர்ந்தது. முன்பின் தெரியாத இருவர் ஒரே சாதிக்குள் பெண் பார்க்கப் போகும்போது முதல் பேச்சிலேயே குலதெய்வம் எது என்று கேட்டுக்கொள்வது இதற்காகத்தான்: ஒன்றே என்றால் பங்காளி, பேச்சு அங்கேயே நின்றுவிடும். தெலுங்கு பேசும் வீடுகளில் இதே வேலையை 'இண்டிப் பேரு' என்ற வீட்டுப் பெயர் செய்கிறது.

சாவு வீட்டில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். தீட்டுக் காப்பது பங்காளிகள். கோடித் துணி கொண்டுவருவது மாமன் மச்சான்களும் சம்பந்திகளும். இறந்தது பெண் என்றால் 'பொறந்த ஊட்டுக் கோடி' வந்து சேரும்வரை எடுக்க மாட்டார்கள். கருமாதி அன்று கொள்ளி வைத்த மகனுக்குத் தலையில் உருமால் கட்டுவதும் மாமன் மச்சான் பக்கத்தின் கடமை. எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று தெரியாமல் கூட்டத்தில் திகைத்து நிற்பவர்கள், இறந்தவரைத் தாம் என்ன சொல்லி அழைத்தோம் என்பதை நினைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

சொல்லோடு வரும் கடமை

உறவுச் சொல் கூப்பிடுவதற்கு மட்டும் உள்ளதன்று. அதனோடு ஒரு பொறுப்பும் வருகிறது. பிள்ளைக்கு முதல் மொட்டை அடித்துக் காது குத்தும்போது மடியில் உட்காரவைப்பது தாய்மாமன். பெண் பிள்ளையின் மஞ்சள் நீராட்டில் சீர்வரிசைத் தட்டுகளோடு முதலில் வருவதும், பச்சை ஓலைக் குடிசை கட்டுவதும் அவர்தான். மொய் எழுதும் இடத்தில் தாய்மாமன் மொய்யை முதலில் எழுதும் வழக்கம் இன்றும் பல ஊர்களில் இருக்கிறது. தாலி கட்டும்போது மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, மற்ற முடிச்சுகளைப் போடுவது அவனுடைய அக்காவோ தங்கையோ. மணப்பெண்ணுக்கு அவள் நாத்தனார்.

கூடப்பிறந்த அண்ணன் தம்பி இல்லாத ஒரு தாயின் பிள்ளைக்கு யார் மடியில் காது குத்துவது என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. மேலே சொன்ன முதல் விதியே விடை தருகிறது: அந்தத் தாயின் பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் அவளுக்குச் சொந்த அண்ணன் தம்பி; அவர்கள் இல்லையென்றால் பெரியம்மா மகன், சித்தி மகன். அவர்களில் ஒருவர் உட்கார்ந்தால் எந்தக் குறையும் இல்லை. நாத்தனார் முடிச்சுக்கும் இதே வழிதான். இதற்காக வருந்தி, பிள்ளைக்கு மாமன் இல்லை என்று பேசுவது அந்தத் தாயை வீணாக நோகச் செய்வது.

கேலி பேசுவதிலும் முறை உண்டு. மச்சான்மார் தமக்குள்ளும், அண்ணியும் கொழுந்தனும், மாமன் மகளும் அத்தை மகனும் கேலி பேசிக்கொள்ளலாம். மாமனாரும் மருமகளும், மாமியாரும் மருமகனும் அளந்துதான் பேச வேண்டும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆறேழு வயதுச் சிறுமியிடம் 'இவன்தான் உன் மாப்பிள்ளை' என்று மாமன் மகனைக் காட்டிப் பெரியவர்கள் கேலி செய்வதை விட்டுவிட வேண்டும். முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்பவை ஒரு வாய்ப்பைச் சொல்லும் சொற்கள். உரிமையைச் சொல்பவை அல்ல. நெருங்கிய இரத்த உறவில் மணம் செய்தால் பிள்ளைகளுக்கு மரபுவழி நோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் தாய்மாமன், மருமகள் உறவையும், அண்ணன் தங்கை பிள்ளைகளின் உறவையும் தடுக்கப்பட்ட உறவுகளில் வைத்து, வழக்கம் அனுமதிக்கும் இடத்தில் மட்டும் விலக்கு அளிக்கிறது. முறை இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒரு பெண்ணை நெருக்குவது முறையன்று.

இரண்டு வழியில் இரண்டு முறை வந்தால்

சொந்தத்துக்குள்ளேயே கொண்டு கொடுத்து வந்த குடும்பங்களில் ஒரே ஆள் இரண்டு வழியாக உறவாகிவிடுவார். அப்பா வழியில் பார்த்தால் மாமா, புதிதாக நடந்த ஒரு திருமணத்தின் வழியில் பார்த்தால் அண்ணன் என்று கணக்கு முரண்படும். நம் பக்கத்தில் பெரியவர்கள் கையாளும் வழி பழையதை விடாமல் இருப்பதுதான்: சிறு வயதிலிருந்து எந்தச் சொல்லால் அழைத்தோமோ அதுவே நிற்கும், புது உறவைச் சீரிலும் சடங்கிலும் மட்டும் காட்டுவார்கள். அக்கா மகளைத் தம்பி கட்டிய வீடுகளில் இதைக் காணலாம். மணப்பெண்ணுக்குத் தன் தாயே நாத்தனாரும் ஆகிறாள், அம்மாயியே மாமியாரும் ஆகிறாள். ஆனாலும் அவள் அம்மாவை அம்மா என்றும் அம்மாயியை அம்மாயி என்றும்தான் அழைக்கிறாள். நாத்தனார் முடிச்சைப் போட மட்டும் அந்தத் தாய் மணவறையில் மகளுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள்.

பழைய சொல் எதுவும் இல்லாத புது ஆள் என்றால், நெருக்கமான வழியை எடுத்துக்கொள்ள வேண்டும். கண்ணிகள் குறைவாக உள்ள வழியே நெருக்கமான வழி. இரண்டும் சமம் என்றால் அவரிடமே "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்பதில் தவறில்லை.

சாதி கடந்து நடந்த திருமணங்களில் முறை எப்படி வரும் என்று கேட்கிறார்கள். அங்கே கணக்கு மிக எளிது, ஏனெனில் முன்பு உறவே இல்லாததால் முரண்படும் வழிகளே இல்லை. மருமகளின் அண்ணன் உங்கள் மகனுக்கு மச்சான், மருமகளின் தாய் உங்கள் மகனுக்கு அத்தை, அவ்வளவுதான். சம்பந்திகளில் ஆண்கள் ஒருவருக்கொருவர் மச்சான் முறை. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மணப்பெண்ணின் அம்மா தங்கை முறை, ஆகையால் 'அண்ணா' என்றும் 'தங்கச்சி' என்றும் அழைத்துக்கொள்ளலாம். அந்தச் சொற்களைக் குறைக்காமல் முழுதாகக் கொடுப்பது வீட்டுப் பெரியவர்களின் பொறுப்பு. பெயர் சொல்லியும் 'அந்தப் பொண்ணு' என்றும் ஆண்டுக்கணக்கில் தள்ளி வைத்துப் பேசுவது அந்த மருமகளை வாசலிலேயே நிறுத்துவது.

அழைக்கும் சொல் வேறு, குறிக்கும் சொல் வேறு

மாமனார், மாமியார், நாத்தனார், கொழுந்தன், ஓரகத்தி, சகலை ஆகியவை பெரும்பாலும் பிறரிடம் சொல்லும்போது பயன்படுபவை. நேரில் மாமனாரை 'மாமா' என்றும் மாமியாரை 'அத்தை' என்றும் அழைக்க வேண்டும். புதிதாக மணமானவர்களில் சிலர் மாமியாரை 'அம்மா' என்று அழைக்கிறார்கள், அதுவும் நன்றாகவே இருக்கிறது. கொழுந்தனைப் பெயராலோ 'தம்பி' என்றோ, ஓரகத்தியை அக்கா அல்லது பெயராலோ அழைப்பார்கள். கணவனின் அண்ணனைப் பிறரிடம் மச்சாண்டார் என்று சொல்வதும், கொங்குப் பேச்சு கலந்த வீடுகளில் அண்ணியை நங்கை என்பதும் இன்னும் வழக்கில் உள்ளன. கணவர் பெயரைச் சொல்லாத மூத்த பெண்கள் 'எங்க ஊட்டுக்காரரு' என்றோ, பிள்ளையின் பெயரைச் சொல்லி அவனுடைய அப்பா என்றோ குறிப்பிடுவார்கள்; அவர்களிடம் பெயரை வற்புறுத்திக் கேட்க வேண்டியதில்லை.

உறவில்லாதவர்களை அழைக்கக் கூடப்பிறந்தவர்களின் சொற்களே ஏற்றவை. பேருந்து நடத்துநரையும் காய்கறிக் கடைக்காரரையும் அண்ணா, அக்கா என்போம்; சிறியவர்களைத் தம்பி, பாப்பா என்போம். மாமா, அத்தை, அண்ணி முதலியவை மண உறவைக் குறிப்பவை என்பதால் அறிமுகமில்லாதவர்களிடம் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. குறிப்பாகப் பெண்கள் வெளி ஆண்களை 'மாமா' என்று அழைப்பதில்லை. நண்பர்களுக்குள் 'மச்சான்' வேறு கதை. வயதில் மூத்த உழைப்பாளிகளைச் சாதியைப் பார்த்துச் சிறுவர்கள்கூடப் பெயர் சொல்லி ஒருமையில் அழைக்கும் வழக்கம் நம் கிராமங்களில் இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அந்தப் பெரியவருக்கும் அண்ணா, தாத்தா, ஆயா என்ற சொற்கள் உரியவை. பிள்ளைகளுக்கு முறை சொல்லித் தரும்போதே இதையும் சேர்த்துச் சொல்லித் தர வேண்டும்.

தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீடுகளில்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, சூளகிரிப் பகுதிகளில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகள். அங்கே மருமகளாகப் போகும் தமிழ்ப் பெண் கணக்கை மாற்ற வேண்டியதில்லை. இம்மொழிகளும் அதே இரண்டு பக்க முறையைக் கொண்டவை. சொற்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். நம் அண்ணி தெலுங்கில் வதின, கன்னடத்தில் அத்திகெ. பெரியப்பாவும் சித்தப்பாவும் கன்னடத்தில் தொட்டப்பா, சிக்கப்பா. பெரியம்மாவும் சித்தியும் தொட்டம்மா, சிக்கம்மா. சித்தி தெலுங்கில் பின்னி. அத்தை தெலுங்கில் அத்த, கன்னடத்தில் அத்தெ. சம்பந்தி வீட்டார் கன்னடத்தில் பீகரு. தெலுங்கில் சம்பந்தியை வியங்குடு என்பார்கள். இரு மொழியிலும் கவனிக்க வேண்டியது 'பாவ' என்ற சொல்: நாம் அக்கா கணவரையும் தாய்மாமனையும் ஒரே 'மாமா'வில் அடக்குகிறோம், அவர்கள் அக்கா கணவரையும் மூத்த அத்தை மகனையும் பாவ என்று தனியே பிரித்துவிடுகிறார்கள். அங்கே அக்கா கணவரை மாமா என்று அழைத்தால் ஒரு தலைமுறை மேலே ஏற்றிவிட்டதாகக் கேட்பவர்களுக்குத் தோன்றும்.

உருது பேசும் வீடுகளில் கணக்கே வேறு. அப்பாவின் தம்பி சாச்சா, சகோதரி புப்பு. அம்மாவின் சகோதரர் மாமூ, சகோதரி காலா. அப்பாவின் பெற்றோர் தாதா, தாதி. அம்மாவின் பெற்றோர் நானா, நானி. சாச்சா மகளும் மாமூ மகளும் அவர்களுக்கு ஒரே நிலையில் நிற்கிறார்கள். இருவரில் யாரையும் மணப்பதற்கு அவர்களுடைய சமயம் தடை சொல்வதில்லை. ஆகவே நம்முடைய பங்காளி, மச்சான் என்ற பிரிவை அங்கே பொருத்திப் பார்த்து, இது என்ன முறை என்று வியப்பதோ விமரிசிப்பதோ கூடாது. கிருஷ்ணகிரியில் உருது பேசும் அண்டை வீட்டுப் பெண்மணியைக் காலா என்று அழைத்துப் பாருங்கள். அவர் முகம் மலர்வது தெரியும்.

எழுத்தில் வரும்போது

அலுவலகத் தாளில் பேச்சு முறை செல்லாது. அண்ணன் மகன் உங்களுக்கு மகன்தான் என்றாலும், குடும்ப அட்டையிலும் வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்திலும் 'அண்ணன் மகன்' என்றே எழுத வேண்டும். மகன் என்று எழுதினால் பிறகு சொத்துப் பத்திரத்தில் சிக்கலாகும். மருமகன் என்ற சொல் அக்கா மகனையும் மகளின் கணவரையும் குறிப்பதால், அங்கே 'சகோதரி மகன்', 'மகளின் கணவர்' என்று பிரித்து எழுதுவது பாதுகாப்பானது. சித்தப்பா என்பதும் அப்படித்தான்: 'தந்தையின் இளைய சகோதரர்' என்றோ 'தாயின் சகோதரி கணவர்' என்றோ விளக்கிவிட வேண்டும்.

திருமணப் பத்திரிகையில் தாத்தா பாட்டி பெயர்கள் மேலே, பிறகு பெரியப்பா, சித்தப்பா குடும்பங்கள், தாய்மாமன்கள், அத்தை மாமா, உடன்பிறந்தோர் என்று வரிசை போகும். பெற்றோரின் பெயர் அழைப்பவர்களாகத் தனியே நிற்கும். மாமன், மச்சான் என்று பேசினாலும் அச்சில் மாமனார், மைத்துனர் என்று எழுதுவது மரபு. பத்திரிகையிலும் கண்ணீர் அஞ்சலிப் பதாகையிலும் மனக்கசப்பு வருவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒரு தாய்மாமன் பெயர் விடுபடுவதுதான். ஆகவே அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முந்தைய நாள், அப்பா பக்கத்தில் ஒருவர், அம்மா பக்கத்தில் ஒருவர் என இரண்டு மூத்தவர்களை உட்காரவைத்துப் பட்டியலை உரக்க வாசித்துக் காட்டுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் அவர்கள் சொல்லும் முறையைப் பென்சிலால் பக்கத்தில் குறித்துக்கொண்டால், அடுத்த காதுகுத்தில் பிள்ளைகளிடம் அந்தத் தாளையே கொடுத்துவிடலாம்.